மண்வெட்டி எடுத்த வாள்வீரர்கள்

ஒரு ஒப்புதலோடு ஆரம்பிக்கிறேன். ஏழெட்டு வருஷம் என் ஆபீஸ் லேப்டாப்பின் வால்பேப்பர் மியமோட்டோ முசாஷிதான். தகேஹிகோ இனோவே வரைந்த 'வேகபாண்ட்' மங்காவிலிருந்து எடுத்த படம். பரட்டைத் தலை, கையில் வாள், எதிரே யார் வந்தாலும் சரி என்கிற பார்வை. யாராவது "யாருங்க இது?" என்று கேட்டால், "தனி ஆளா எழுபது பேரை வெட்டிச் சாய்ச்சவன்" என்று பெருமையாகச் சொல்வேன். மறுநாள் ரிலீஸ் என்றால் முந்தின ராத்திரி அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். இது நான் மங்காவிலிருந்து எடுத்துக்கொண்ட வாழ்க்கைப் பாடம் என்று மனதார நம்பினேன்.

அந்தப் பாடம் அந்தப் புத்தகத்திலேயே இல்லை என்பது தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வேகபாண்ட், வின்லாண்ட் சாகா இரண்டின் கதையும் இதில் நிறையவே வெளிப்படும். படிக்கப்போகிறவர்கள் படித்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போகமாட்டேன்.

(மங்கா என்றால் ஜப்பானியக் காமிக்ஸ். இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த தலைமுறை நான். வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுவதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. "இந்த வயசுல என்ன மாங்கா?" என்று வீட்டில் கேட்பதெல்லாம் இப்போது பழகிவிட்டது.)

வேகபாண்ட் 1998-ல் 'மார்னிங்' என்கிற வார இதழில் தொடங்கியது. மூலம், எய்ஜி யோஷிகாவா 1935-லிருந்து 1939 வரை அசாஹி ஷிம்புன் நாளிதழில் தொடராக எழுதிய 'முசாஷி' நாவல். அது ஜப்பான் சீனாவோடு போரில் இறங்கிய காலம். வாள்வீரன் கதைக்கு அப்போது என்ன மாதிரி வரவேற்பு இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. இனோவே அதற்கு முன்பு 'ஸ்லாம் டங்க்' என்கிற கூடைப்பந்துக் கதையால் பெரிய புகழ் பெற்றிருந்தார். வாலிபப் பையன்களின் வேகத்தை வரையத் தெரிந்தவர். ஆகவே வேகபாண்டின் முதல் பாதி முழுக்க முறுக்குதான். வானத்துக்குக் கீழே தன்னை வெல்ல எவனும் இருக்கக்கூடாது என்கிற வெறியோடு ஊர் ஊராகப் போய்ச் சண்டைக்கு நிற்கிறான் முசாஷி. கியோட்டோவில் யோஷியோகா பள்ளியின் தலைவர்களை முதலில் கொல்கிறான். பிறகு மிச்சமிருக்கும் எழுபது பேரும் ஒன்றாக வந்து நிற்க, அவர்களையும் கொல்கிறான்.

என் வால்பேப்பர் இந்த இடத்தில்தான் நின்றுபோனது. கதை நிற்கவில்லை. இப்போது யோசித்தால், அந்த எழுபது பேரையும் இனோவே எப்படி வரைந்திருக்கிறார் என்பதை நான் பார்க்கவே இல்லை. ஒரு தொகுதிக்கும் மேலாக ஓடுகிறது அந்தச் சண்டை. வெற்றிக்குரிய ஒரு ஆர்ப்பாட்டமும் அதில் கிடையாது. சேறு, மூச்சு, சாகும் நேரத்தில் ஒவ்வொருவன் முகத்திலும் தெரிகிற திகைப்பு, அவ்வளவுதான். முடிவில் முசாஷியின் காலில் ஆழமான காயம். இனிமேல் வாள் பிடிக்கிற வாழ்க்கை உண்டா என்பதே சந்தேகம். ஊர் அவனைக் கொண்டாடுகிறது. அவனுக்கு மட்டும், ஜெயித்தது எது என்று புரியவில்லை.

ஆராய்ச்சிப் புத்தி சும்மா இருக்குமா, நிஜ முசாஷி என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடிப் பார்த்தேன். 1645-ல் சாவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் முடித்த 'ஐந்து வளையங்களின் நூல்' இருக்கிறதே, அது 1974-ல் ஆங்கிலத்தில் வந்தபிறகு மேற்கத்திய நிர்வாகிகளுக்கு வியாபார யுத்தி நூலாகவே ஆகிவிட்டது. போட்டியாளரை எப்படி வீழ்த்துவது என்று அதை வைத்துப் பாடம் எடுத்தார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் படித்தேன். ஆனால் அதன் முன்னுரையிலேயே கிழவர் ஒரு குண்டைப் போட்டுவிடுகிறார். பதின்மூன்று வயதிலிருந்து இருபத்தெட்டு, இருபத்தொன்பது வரை அறுபது தடவைக்கு மேல் மோதி ஒருமுறைகூடத் தோற்கவில்லை என்று சொல்லிவிட்டு, முப்பது தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, தான் ஜெயித்ததற்குக் காரணம் கலையில் தேர்ச்சி பெற்றதல்ல என்று தெரிந்தது என்கிறார். பிறவியிலேயே இருந்த திறமையாக இருக்கலாம், எதிராளியின் குறையாகவும் இருக்கலாம் என்று அடுக்குகிறார். நம்ம பாஷையில் சொன்னால், கோடு ஓடுகிறது, ஆனால் ஏன் ஓடுகிறது என்று எழுதினவனுக்கே தெரியவில்லை. அறுபது தடவை தோற்காதவர் தன் வெற்றிகளிலிருந்து பாடம் எடுக்க மறுக்கிறார். அவர் மறுத்ததை அவர் பெயரிலேயே நாம் எடுத்துக்கொள்கிறோம்!

இப்போது விவசாயப் பகுதி. முப்பத்து நான்காம் தொகுதியை ஒட்டி முசாஷி ஒரு வறண்ட கிராமத்துக்குப் போய்ச் சேர்கிறான். அப்பாவை இழந்த இயோரி என்கிற சின்னப் பையன். கல்லும் வறட்சியுமான நிலம். யாரும் கேட்காமலேயே முசாஷி மண்ணைக் கொத்த ஆரம்பிக்கிறான். ஆரம்பத்தில் அவன் மண்ணையும் எதிராளி மாதிரிதான் பார்க்கிறான், பலத்தைக் காட்டினால் பணிந்துவிடும் என்று. மண் பணியவில்லை. ஊர்க்காரர்கள் பைத்தியம் என்கிறார்கள். அவனைக் கண்டாலே எரிந்து விழுகிற ஒரு கிழவருக்குத்தான் அந்த மண்ணும் தண்ணீரும் தெரியும். அவரிடம் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிறான்.

பிறகு பஞ்சம். ஜனங்கள் பட்டினியில் விழுகிறார்கள். எழுபது பேரை வென்றவனால் ஒரு படி அரிசியை உண்டாக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில் ஹோசோகாவா பிரபுவின் ஆட்கள் வாள் ஆசிரியராக வரச் சொல்லி அவனைத் தேடுகிறார்கள். அவர்கள் முன்னால் தரையில் நெற்றி படக் குனிந்து, ஊருக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று பிச்சை கேட்கிறான் முசாஷி. முழுத் தொடரிலும் அவன் இந்த மாதிரி குனிவதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. இனோவே தொடரின் நடுவிலேயே பேனாவை விட்டுத் தூரிகைக்கு மாறிவிட்டவர். இந்தப் பக்கங்களில் மழையும் சேறும் நாற்றும் மனிதர்களும் ஒரே மையில் கரைந்து கிடக்கிறார்கள். எங்கே மண் முடிகிறது, எங்கே கால் ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியாத படங்கள் உண்டு.

முதல் தடவை இந்தத் தொகுதிகளை நான் ஒரே சாயங்காலத்தில் புரட்டித் தள்ளினேன். "எப்படா கோஜிரோவோடு சண்டை வரும்?" என்பதுதான் என் கவலை. 1612-ல் கன்ரியு தீவில் சசாகி கோஜிரோவோடு நடந்த மோதல்தான் முசாஷி கதையின் உச்சம் என்பது ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும். கோஜிரோவைக் காது கேளாதவனாக மாற்றி, அவனுக்காகத் தொகுதி தொகுதியாக ஒதுக்கியிருந்தார் இனோவே. அந்தச் சண்டை வரவே இல்லை. 2015-க்குப் பிறகு தொடர் நின்றுவிட்டது, 37 தொகுதிகளோடு. நிறைய பேருக்கு இது பெரிய ஏமாற்றம். எனக்கும்தான். இப்போது அந்த ஏமாற்றம் குறைந்திருக்கிறது. அவ்வளவு நெல் வளர்த்த பிறகு இனோவே அந்தத் தீவுக்கு எந்த முகத்தோடு போவார் என்று தோன்றுகிறது. அவரே போகத் தயங்குகிறாரோ என்பது என் ஊகம், ஆதாரம் கிடையாது.

விவசாயம் இனோவேயின் கண்டுபிடிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யோஷிகாவாவின் நாவலிலேயே முசாஷியும் இயோரியும் தரிசு நிலத்தோடு மல்லுக்கட்டுகிற பகுதி உண்டு. வெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். தண்ணீரைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கப் பார்த்தது தப்பு, அது போகிற வழியில் போய்த்தான் அதை ஆள முடியும் என்று முசாஷி உணர்வான். உடனே அதை ஆட்சிக்கலைக்கான தத்துவமாகவும் ஆக்கிக்கொள்வான். இந்த இடத்தில் நான் இனோவே கட்சி. யோஷிகாவாவின் முசாஷிக்கு நிலம் ஒரு பாடப்புத்தகம், படித்து முடித்ததும் மூடிவிடலாம். இனோவேயின் முசாஷிக்குப் பசிக்கிறது.

வின்லாண்ட் சாகாவுக்கு வருகிறேன். மகோட்டோ யுகிமுரா இதை 2005-ல் தொடங்கி 2025 ஜூலையில் முடித்தார். இருபது வருஷம்! பதினோராம் நூற்றாண்டு வைக்கிங் கதை. தோர்ஃபின் என்கிற சிறுவனின் கண் முன்னால் அவன் அப்பா தோர்ஸ் கொல்லப்படுகிறார். கொன்றவன் அஸ்கெலாட். பழிவாங்குவதற்காக அஸ்கெலாடின் கூட்டத்திலேயே சேர்ந்து, அவனோடு நேருக்கு நேர் மோத வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதற்காக அவன் சொன்னவர்களையெல்லாம் கொன்று வளர்கிறான். கடைசியில் அஸ்கெலாட் வேறொருவன் கையால் சாகிறான். பழி வாங்கக்கூட ஆளில்லாமல் நிற்கிற தோர்ஃபின், டென்மார்க்கில் கெட்டில் என்பவரின் பண்ணைக்கு அடிமையாக விற்கப்படுகிறான். அனிமேயின் இரண்டாம் பருவம் 2023-ல் வந்தபோது, "என்னப்பா, சண்டையே காணோம்?" என்று பலரும் பாதியில் விட்டது இந்தப் பண்ணையில்தான்.

எனக்கு இதில் பிடித்ததே அந்த நிதானம். எய்னார் என்கிற இன்னொரு அடிமையோடு சேர்ந்து தோர்ஃபின் காட்டை வெட்டி நிலமாக்க வேண்டும். அதில் விளையும் கோதுமையை வைத்து இருவரும் தங்கள் விடுதலையை வாங்கிக்கொள்ளலாம். மரத்தை வெட்டுவது சுலபம். அடிக்கட்டையைப் பிடுங்குவதுதான் பெரும்பாடு. வேர் விடுவதில்லை. குதிரையும் ஏரும் வேண்டும், அவர்களுக்கு யாரும் தரமாட்டார்கள். கெட்டிலின் வயதான அப்பா ஸ்வெர்கெல், தன் வேலைகளைச் செய்துகொடுத்தால் தருகிறேன் என்கிறார். வாழ்க்கையில் முதல்முறையாக தோர்ஃபின் ஒருவரிடம் போய்க் கடன் கேட்கிறான், பதிலுக்கு உழைக்கிறான். கோதுமை முளைத்ததும் பொறாமை பிடித்த பண்ணையாட்கள் இரவில் வந்து நாசம் பண்ணுகிறார்கள். தான் எரித்த ஊர்களிலும் இப்படி யாரோ வளர்த்த பயிர்தானே இருந்தது என்பது அவனுக்கு உறைக்க, அவனுடைய சொந்தப் பயிர் அழிய வேண்டியிருக்கிறது.

எதிரிகளைப் பற்றி அவன் அப்பா சொன்ன ஒரு வாக்கியம் இருக்கிறது. பின்னால் தோர்ஃபினும் அதைச் சொல்வான். எங்கே பார்த்தாலும் அதுதான், டிஷர்ட், மீம், கோப்பை. எல்லோருக்கும் பிடித்த காட்சியும் அதையொட்டியதுதான். இங்கிலாந்தையும் டென்மார்க்கையும் ஆண்ட கனூட் மன்னர் (சரித்திரத்தில் நிஜமாக வாழ்ந்தவர்) பண்ணையைப் பறிக்கப் படையோடு வந்திருக்கிறார். அவரோடு பேச வேண்டும் என்று போகிறான் தோர்ஃபின். நூறு குத்து வாங்கிக்கொண்டு நின்றால் பார்க்கலாம் என்கிறான் ஒரு முரட்டுச் சிப்பாய். திருப்பி அடிக்காமல் நூறையும் வாங்கிக்கொள்கிறான். படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் விமர்சனமாகச் சொல்கிறேன், இந்தப் பகுதியின் சிறந்த இடம் அதுவல்ல. அதற்கப்புறம் கனூட், நான் மறுத்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறார். ஓடிவிடுவேன் என்கிற அர்த்தத்தில் பதில் சொல்கிறான் தோர்ஃபின். அதையும் முகம் வீங்கிப்போய், கிட்டத்தட்ட அசட்டுத்தனமாகச் சொல்கிறான். அதை எவனும் டிஷர்ட்டில் போடவில்லை. நூறு குத்தைத் தாங்குவதிலும் ஒரு வீரம் ஒளிந்திருக்கிறது. அதுவும் ஒருவகையில் ஜெயிப்பதுதான். ஓடிவிடுவேன் என்பதில் ஒரு கிராம் வீரம்கூட இல்லை. பழைய தோர்ஃபின் மிச்சமில்லை என்பது அங்கேதான் தெரிகிறது.

இதை நான் எப்படிக் கவனித்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2019-ல் நான் ஒரு டீமுக்கு லீட். மதியச் சாப்பாட்டு மேஜையில் இந்த நூறு குத்துக் காட்சியைக் கை கால் ஆட்டிக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு வாரத்தின் சனிக்கிழமை ராத்திரி எங்கள் சிஸ்டம் விழுந்தது. விடியற்காலை வரை யாரும் தூங்கவில்லை. இரண்டு வருஷ அனுபவமுள்ள ஒரு பையன் செய்த மாற்றம்தான் காரணம் என்று தெரிந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கில் பதினைந்து பேர். அந்தப் பையனின் கோடைத் திரையில் போட்டு, வரி வரியாக நிறுத்தி, "இது என்ன? இதை எழுதும்போது என்ன யோசிச்சீங்க?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாற்பது நிமிஷம் அவன் "ஆமா சார்", "தப்புதான் சார்" இரண்டைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது நான். ரிவ்யூ செய்தவர் என்கிற இடத்தில் என் பெயர்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அழுத்திய பொத்தான். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் அந்த நாற்பது நிமிஷத்தில் ஒருமுறைகூட அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

2020 ஊரடங்கில் இரண்டு தொடரையும் மறுபடி எடுத்தேன். நூறு குத்து வந்த இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. அதுவரைக்கும் அந்தக் காட்சியில் நான் யார் என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. குத்துகிறவன் பக்கத்தில் ஒரு முகம் இருக்கிறது என்றே நான் பார்த்ததில்லை. முதலில் கேலி, பிறகு எரிச்சல், எண்ணிக்கை ஏற ஏற என்ன செய்வதென்று தெரியாத ஒரு குழப்பம் என்று அந்த முகத்தையும் யுகிமுரா கவனமாகத்தான் வரைந்திருக்கிறார்.

அதனால்தான் முன்பு புரட்டித் தள்ளின பண்ணைப் பக்கங்களையும் நெல் பக்கங்களையும் இந்தமுறை மெதுவாகப் படித்தேன். மங்காவில் வேகம் நம் கையில் இருக்கிறது. சினிமா மாதிரி அது நம்மை இழுத்துக்கொண்டு போவதில்லை. ஒரு அடிக்கட்டைக்கு இனோவேயோ யுகிமுராவோ ஆறு பக்கம் கொடுக்கலாம், நான் அதை ஆறு நொடியில் தாண்டிவிடலாம். வசனம் இருக்கிற இடத்தில் நிற்கிறோம், ஏனென்றால் அது எடுத்துக்கொண்டு போகத் தோதாக இருக்கிறது. தோர்ஃபின் அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்னால் எத்தனை அடிக்கட்டை பிடுங்கினான் என்பதை எடுத்துக்கொண்டு போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். உட்கார்ந்து பார்த்ததால் நான் மாறிவிட்டேனா என்றால், பெரிதாக இல்லை. ஒரு விஷயம் மட்டும்: ரிவ்யூவை வெள்ளிக்கிழமை மாலையில் தொடுவதில்லை. வால்பேப்பரையும் மாற்றிவிட்டேன், வெறும் சாம்பல் நிறம்.

யுகிமுராவிடம் எனக்கு ஒரு பெரிய மனக்குறையும் உண்டு. பண்ணையில் ஆர்ன்ஹெய்ட் என்று ஒரு அடிமைப் பெண். அவள் கணவன் தப்பி ஓடி வருகிறான். அவனோடு போக முயன்றதற்காக, நல்லவர் என்று நாம் நம்பிவந்த கெட்டில் அவளை வயிற்றில் குழந்தையோடு அடித்தே கொல்கிறார். 'நல்ல முதலாளி' என்கிற பிம்பத்தை அவர் உடைத்த விதம் அபாரம். நல்லவராகவே இருந்தாலும் இன்னொரு மனிதரை விலைக்கு வாங்கினவர்தானே என்று ஒரே இரவில் காட்டிவிடுகிறார். ஆனால் அவள் சாவு கடைசியில் யாருக்குப் பயன்படுகிறது? அடிமையும் போரும் இல்லாத ஒரு நாட்டை உண்டாக்க வேண்டும் என்கிற தோர்ஃபினின் உறுதிக்கு. அவனுக்குப் பாடம் கிடைக்க அவள் சாக வேண்டியிருக்கிறது. வேகபாண்டின் கிராமத்தில் பட்டினியில் செத்தவர்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்தான். இருந்தாலும் அங்கே மறுவருஷம் நெல் விளையும்போது, அது ஊருடைய நெல். முசாஷி அங்கிருந்து கிளம்பிப் போய்விடுகிறான், ஊர் இருக்கிறது. அந்தப் பையன் போனதை வைத்து நான் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

என் மகன் இப்போது ஸ்லாம் டங்க் படிக்கிறான். போன வாரம் 31-வது, அதாவது கடைசித் தொகுதிக்கு வந்தான். நாட்டிலேயே பெரிய அணியான சன்னோவை ஷோஹோகு பையன்கள் ஒரு புள்ளியில் வெல்கிற ஆட்டம். கடைசி நிமிஷங்களில் ஒரு வசனம்கூடக் கிடையாது, பக்கம் பக்கமாக ஓட்டமும் பந்தும் முகங்களும்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்து முடித்துவிட்டு, ஜெயித்த சந்தோஷத்தில் ஹாலைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினான். திரும்பி வந்து அடுத்த பக்கத்தைப் பார்த்தான். அந்த வெற்றிக்குப் பிறகு எடுத்த குழுப் புகைப்படம் பத்திரிகை அட்டையில் வரவே இல்லை, அடுத்த ஆட்டத்திலேயே அவர்கள் படுதோல்வி அடைந்தார்கள் என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார் இனோவே. அந்த ஆட்டத்துக்கு ஒரு படம்கூட இல்லை.

"அப்பா, நடுவுல ஏதோ பக்கம் கிழிஞ்சு போச்சு போல" என்றான்.

புத்தகத்தை வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். "இல்லடா, எல்லாப் பக்கமும் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தான்.